எவர்சில்வரையும் உப்பு தின்னும்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எந்த வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாலும் எவர்சில்வர் பளபளக்கும். தட்டு, தம்ளர், குடம், தூக்கு, அடுக்கு எல்லாம் எவர்சில்வர்தான். அதில் வியப்பு ஒன்றுமில்லை. கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் உருண்டு வருகின்றன. அவை பாத்திரமாகவும், யந்திர உறுப்பாகவும், நாணயத்துக்கான வில்லையாகவும்கூட நாடெங்கும் போகின்றன. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்றாலே துருவுக்கு இடமில்லை என்று பெயர்.

ஆனால் பழக்கம் தெரிந்த வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். உப்பை மட்டும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைக்க மாட்டார்கள். பீங்கான் ஜாடியிலோ மரவையிலோதான் வைப்பார்கள். ஏன் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "டப்பா அடியில் புள்ளி விழுந்துவிடும்" என்பார்கள். ஈர உப்பு பட்ட இடத்தில் ஊசிமுனை போல ஒரு புள்ளி விழும். பிறகு அது குழியாகும். பக்கத்தில் தகடு கண்ணாடி போல மின்னிக்கொண்டே இருக்கும்!

சமையலறையில் இதனால் போவது ஒரு டப்பா. ஆனால் இதே புள்ளி ஆகாய விமானத்தின் கம்பி முனையில் விழுந்தால்? அந்த விமானம் உப்புத் தண்ணீரில் இறங்கி, உப்புத் தண்ணீரிலிருந்தே கிளம்புவதாக இருந்தால்? போவது உயிர்கள் அல்லவா?

விமானத்துக்குப் படகுக் கால்

தண்ணீரில் இறங்கும் விமானங்கள் இரண்டு வகை. ஒன்றுக்கு வயிறே படகு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிய 'காடலினா' விமானங்கள் அந்த வகை. 1942 ஏப்ரல் 4-ந் தேதி இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்டு, இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்ததும் ஒரு காடலினாதான்.

மற்றொரு வகைதான் இங்கே பேசப்படும் சிறு விமானம். சாதாரண விமானத்தின் சக்கரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு நீண்ட மிதவைகளைப் பூட்டுவார்கள். பார்ப்பதற்கு இரண்டு தோணிகளின் மேல் விமானம் நிற்பது போல இருக்கும். மிதவைகள் பெரும்பாலும் அலுமினியத் தகட்டால் ஆனவை. உள்ளே தண்ணீர் புகாத தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். ஒவ்வொரு மிதவையும் தன் பங்குக்குச் சுமக்கவேண்டிய எடையைவிட 80 சதவிகிதம் கூடுதலாகத் தாங்கவேண்டும், குறைந்தது 4 அறைகளாவது இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறை நெடுங்காலம் வைத்திருந்த விதி.

இந்த மிதவைகளை விமானத்தின் உடலோடு இணைப்பவை உலோகக் கால்கள். பல விமானங்களில் அந்தக் கால்கள் பக்கவாட்டில் சாயாதபடி, பந்தற்காலுக்கு முட்டுக் கொடுப்பது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருப்பார்கள். விமானம் அலையின்மேல் 'தட் தட்' என்று மோதி ஓடும்போது, மிதவைகள் ஒன்றையொன்று விட்டு விலகப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்குவது இந்தக் கம்பிகளே.

மிதவைகளின் வால்முனையில் சின்னஞ்சிறு சுக்கான்கள் உண்டு. அவற்றைத் திருப்புவதும், தூக்குவதும், இறக்குவதும் விமானியின் இடத்திலிருந்து ஓடும் கேபிள்கள். தண்ணீரில் மெதுவாக ஊர்ந்து போகும்போது சுக்கானை இறக்கிவிடுவார்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் தூக்கிவிடுவார்கள்.

தரையில் ஓடும் விமானத்துக்குப் பிரேக் உண்டு. தண்ணீரில் நிற்கும் விமானத்துக்கு அது ஏது? காற்று அடித்தால், காற்றுமானியின் சேவல் போல, மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொள்ளும். அந்தச் சமயம் சுக்கான் கேபிள் அறுந்துவிட்டால், படகுத்துறையோ பாறையோ பரிசலோ எது எதிரே இருந்தாலும் விமானியின் பாடு திண்டாட்டம்தான்!

133 இழைகளின் பலம்

விமானத்தில் ஓடும் கேபிள் பார்ப்பதற்கு மெல்லியது. எட்டில் ஒரு பங்கு அங்குலம் கனமுள்ள கேபிளை எடுத்துக்கொள்வோம். மயிரிழை போன்ற 19 கம்பிகளை முறுக்கி ஒரு புரி. அப்படி 7 புரிகளை முறுக்கி ஒரு கேபிள். ஆக மொத்தம் 133 இழைகள். நாகம் பூசிய சாதாரண எஃகு என்றால், இந்த ஒல்லிக் கேபிள் 2,000 ராத்தல் இழுப்பு வரை தாங்கும். அதாவது 900 கிலோவுக்கு மேல்! துருப்பிடிக்காத எஃகு என்றால் 1,760 ராத்தல். பளபளப்பு அதிகம், பலம் சற்றுக் குறைவு. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம், கேபிள் எங்கே அறும் என்பது. சேலம், நாமக்கல் சீமையில் மாடு கட்டிக் கவலை இறைத்த விவசாயிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். வடக்கயிறு சும்மா நடுவில் அறாது. உருளையில் உரசும் இடத்தில் அறும். இல்லாவிட்டால் சாலோடு சேர்த்துக் கட்டிய முடிச்சில் அறும். விமானக் கேபிளும் அப்படியே. உருளையிலும், துளைகளின் வழியே நுழைந்து போகும் இடத்திலும் தேயும். அதைவிட, கேபிள் முடிந்து மற்றொன்றோடு சேரும் முனையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும்.

எஃகுக் கேபிளை முடிச்சுப் போட முடியாது. ஆகவே முனையைப் பிணைக்கப் பல வழிகள் உண்டு. ஒரு முறையில், கேபிளை ஒரு குழலுக்குள் நுழைத்து யந்திரத்தால் நாலாபுறமும் அமுக்குவார்கள். குழலின் உலோகம் நெரிந்து கேபிளின் இழைகளுக்கிடையே புகுந்து பிடித்துக்கொள்ளும். அமுக்கியது சரிதானா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கவேண்டும். சரியாகச் செய்த முனை, கேபிளின் முழுப் பலத்தையும் தாங்கும். பழைய நாளில் கையால் இழை பின்னிச் செய்த முனையோ முக்கால் பங்குதான் தாங்கும்.

மற்றொரு முறையில், கேபிளை வளையமாக மடித்துச் செம்புச் சுற்று ஒன்றை மாட்டி நெரிப்பார்கள். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாகம் பூசிய கேபிளுக்கு வெறும் செம்பு போதும். துருப்பிடிக்காத எஃகுக் கேபிளுக்கோ நாகம் பூசிய செம்புச் சுற்று வேண்டும். மாற்றிப் போட்டால், ஈரம் பட்டதும் இரு உலோகங்களும் ஒன்றோடொன்று சண்டை போட்டு அரித்துக்கொள்ளும்.

இனி, கேபிளின் இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் 'டர்ன்பக்கிள்' என்ற பித்தளைக் குழல் ஒன்று உண்டு. இரு பக்கமும் மரை உள்ள குழல் அது. முனைகளின் மரையில் 3 சுற்றுக்கு மேல் குழலுக்கு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் உள்ளே பிடிப்புப் போதவில்லை என்று அர்த்தம். திருகி முடித்ததும், அது தானாகத் திரும்பாமல் இருக்க மெல்லிய கம்பியால் சுற்றிப் பூட்டவேண்டும். ஆணி வைத்த இடமானால் 'காட்டர் பின்' செருகி முனையை மடக்கவேண்டும். அரையணா பெறாத சாமான்தான். அது இல்லாவிட்டால் விமானமே இல்லை!

உள்ளே ஒளியும் எதிரி

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? இரும்போடு பத்து சதவிகிதத்துக்கு மேல் குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வையை உலோகத்தின்மேல் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் போர்வை மறுபடி வளர்ந்துகொள்ளும்.

ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் போர்வையைக் கிழிக்கக்கூடியது. அமுக்கிப் பிணைத்த கேபிள் முனையில் நடப்பதைப் பாருங்கள். கடல் நீர் இழைகளின் இடுக்கு வழியாக ஊர்ந்து குழலுக்குள் போய்விடுகிறது. அங்கே காற்று புகாது, வெயில் படாது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடுகிறது. மறுநாளும் நீர் வருகிறது, மறுபடி உப்பு. போர்வை வளரப் பிராணவாயுவும் அங்கே போதாது. போதாக்குறைக்கு, அமுக்கிய குழலின் உலோகத்துக்குள் எப்போதும் ஓர் இறுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. இறுக்கம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் உலோகத்தில் மெல்லிய விரிசல் ஓடுகிறது. வெளியே செந்துரு வழியாது, வீங்காது. ஒரு நாள் 'படக்' என்று முறியும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கடைசலுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று செலினியம் சேர்த்த ஒரு வகைத் துருப்பிடிக்காத எஃகில் செய்த கேபிள் முனைகள் இவ்விதம் விரிசல் கண்டதை ஆஸ்திரேலிய விசாரணையாளர்கள் ஆராய்ந்து எச்சரித்தார்கள். பிறகு, அத்தகைய முனை உள்ள முக்கியமான கேபிள்களை 15 ஆண்டு ஆனதும் கழற்றி எறியவேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். 2013-ல் அமெரிக்க விமானத் துறை, ஆயிரக்கணக்கான 'பைப்பர்' சிறு விமானங்களில் வால்பகுதிக் கேபிளின் டர்ன்பக்கிள்களைச் சோதிக்கும்படி கட்டளையிட்டது. அங்கேயும் காரணம் இதே விரிசல்தான்.

விமானத்துக்கு வெளியேயும் இந்த எதிரி உயிர் குடித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் மூடிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதன் மேல்தளத்தைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் தாங்கிக்கொண்டிருந்தன. குளத்து நீரில் கலக்கும் குளோரின் காற்றில் பரவிக் கம்பிகளை உள்ளூர அரித்தது. 1985 மே 9-ந் தேதி மேல்தளம் இடிந்து விழுந்து 12 பேர் மாண்டார்கள். துருப்பிடிக்காது என்று நம்பிய கம்பிகள்!

ஏழு நிமிஷப் பயணம்

பசிபிக் சமுத்திரத்தில் மூரியா என்று ஒரு தீவு. பக்கத்தில் தாஹிதி. இடையே விமானத்தில் போனால் ஏழு, எட்டு நிமிஷம். 2007 ஆகஸ்டு 9-ந் தேதி 'ட்வின் ஆட்டர்' என்ற சிறு விமானம் 19 பிரயாணிகளையும் ஒரு விமானியையும் ஏற்றிக்கொண்டு மூரியாவிலிருந்து கிளம்பியது. மிதவை இல்லாத, சக்கரம் வைத்த விமானம்தான். ஆனால் உலகெங்கும் மிதவை பூட்டிப் பறக்கும் பேர்பெற்ற ரகம் இதே ட்வின் ஆட்டர். ஆகவே அந்த விமானத்துக்கு நேர்ந்தது எல்லோருக்கும் பாடம்.

சில நூறு அடி உயரம் ஏறியதும், விமானி வழக்கம் போல இறக்கையின் மடிப்புப் பலகைகளை உள்ளே இழுத்தார். மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் கேபிள் அந்தக் கணத்தில் அறுந்தது. விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. 20 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பிரெஞ்சு விசாரணையாளர்கள் கேபிளைக் கடலடியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வழிகாட்டித் துளையில் உரசி உரசி வெளிப் புரிகள் தேய்ந்திருந்தன. மீந்திருந்த புரிகளையும் வேறொன்று முறித்திருந்தது. விமானம் நிலையத்தில் நிற்கும்போது, பின்னால் திரும்பிய பெரிய ஜெட் விமானத்தின் புகைக்காற்று வால்பலகையை ஓங்கி அடித்திருக்கவேண்டும் என்று முடிவு கண்டார்கள். மிச்சத்தோடு மிச்சமாக நின்ற கேபிள், சாதாரண இழுப்பைக்கூடத் தாங்காமல் போயிற்று.

அந்தக் கேபிள் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. கடலோரத் தீவில் துரு வராது என்றுதான் அதைப் போட்டிருந்தார்கள். ஆனால் உரசும் இடத்தில் அது சாதாரண எஃகைவிட விரைவில் தேயும் என்பதை விசாரணை எடுத்துக் காட்டியது. சாதாரண எஃகோ உப்பில் துருப்பிடிக்கும். ஆக, எதைப் போட்டாலும் கண் பார்வைக்கு ஓய்வு கிடையாது!

சமீப காலத்தில் நடந்த மற்றொன்று. 2022 செப்டம்பர் 4-ந் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், மிதவை பூட்டிய ஆட்டர் விமானம் ஒன்று கடலில் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். இங்கே அறுந்தது கேபிள் அல்ல. வால்பலகையைச் சரிசெய்யும் உறுப்பில் ஒரு திருகு மரை கழன்று போயிருந்தது. அது கழலாமல் இருக்கப் போடவேண்டிய சிறு பூட்டு வளையம் அதில் இல்லை. ஒரு வளையம், பத்து உயிர்!

நம் நாட்டுக்கு ஏன் இந்தக் கவலை?

மிதவை விமானம் நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 2011-ல் அந்தமானில் 'ஜல் ஹன்ஸ்' என்ற பெயரில் நீரிலும் நிலத்திலும் இறங்கும் செஸ்னா விமானம் ஓடிற்று. பிறகு நின்றுபோயிற்று. 2020 அக்டோபர் 31-ந் தேதி ஆமதாபாத் சபர்மதி நதியிலிருந்து கேவடியாவிலுள்ள படேல் சிலைக்கு ட்வின் ஆட்டர் மிதவை விமானப் போக்குவரத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அந்த விமானம் மாலத்தீவிலிருந்து வந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் பராமரிப்புக்காக அதை மாலத்தீவுக்கே அனுப்பவேண்டி வந்தது. 2021 ஏப்ரலில் போக்குவரத்து நின்றது.

2024 நவம்பரில் மறுபடி முயற்சி. விஜயவாடாவிலிருந்து ஸ்ரீசைலத்துக்கும், கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறு அருகே மாட்டுப்பெட்டி அணைக்கும் மிதவை விமானங்கள் சோதனையாகப் பறந்தன. மாட்டுப்பெட்டி தமிழ்நாட்டு எல்லைக்கு எட்டும் தூரம். அங்கே வரக்கூடிய விமானம் நாளை வேறோர் அணைக்கும் வரலாம்.

மேட்டூர், மாட்டுப்பெட்டி போன்ற அணைகளில் நல்ல தண்ணீர்தானே, உப்பு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காலையில் கொச்சிக் காயலில் இறங்கிய விமானம் மத்தியானம் மலை அணையில் இறங்கினால், உப்பையும் கூடவே சுமந்து வருகிறது. அணை நீர் மிதவையின் வெளிப்புறத்தை அலம்பிவிடும். குழலுக்குள் புகுந்த உப்பை அது அலம்புவதில்லை.

சபர்மதி சொல்லும் பாடமும் இதுதான். விமானத்தை வாடகைக்கு வாங்கிவிடலாம்; படகுத்துறையை ஒரு மாதத்தில் கட்டிவிடலாம். அந்தக் கேபிள் முனையைப் பார்த்து 'சரி', 'சரியில்லை' என்று சொல்லக்கூடிய ஆளும் பட்டறையும் பக்கத்தில் இருந்தாகவேண்டும். ஒவ்வொரு தடவையும் கடல் கடந்து போய்ப் பரிசோதிப்பது என்றால், பரிசோதனை தள்ளிப் போகத்தான் செய்யும்.

பரிசோதனை எப்படி?

நல்ல மிதவை விமான நிலையத்தில் நடக்கும் வேலைகள் பார்வைக்கு மிகச் சாதாரணமானவை.

உப்பு நீரில் ஓடிய விமானத்தை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். கம்பி முனை, உருளை, ஆணி ஒன்றையும் விடக்கூடாது. காலையில் மிதவையின் ஒவ்வோர் அறையிலும் கைப்பம்பு வைத்து நீர் இறைத்துப் பார்க்கவேண்டும். நேற்றைவிட இன்று அதிகம் வந்தால், எங்கோ கசிவு இருக்கிறது.

கேபிளைச் சோதிக்க விலை உயர்ந்த யந்திரம் முதலில் வேண்டாம். ஒரு துணி போதும். துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து நீள இழுத்தால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவக்கூடாது, இழை விரலைக் கிழித்துவிடும். உருளைமேல் ஓடும் பகுதியை, கேபிளின் இழுப்பைத் தளர்த்தி, மெல்ல வளைத்துப் பார்க்கவேண்டும். நேராக இருக்கும்போது ஒளிந்திருக்கும் அறுந்த இழை, வளைத்தால் தலை காட்டும்.

கம்பி முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். சுற்றியிருக்கும் பூட்டுக்கம்பியை அகற்றி, எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். அவை விரிசலை மறைத்துவிடும். பழுப்புக் கறையோ, குழியோ, மயிரிழைக் கோடோ தெரிந்தால் தயவு தாட்சண்யம் கூடாது. மாற்றவேண்டியதுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், கெடு முடிந்தால் மாற்றவேண்டும். குழலுக்கு உள்ளே நடப்பதைக் கண் பார்க்க முடியாது. நாள் கணக்குத்தான் அதைப் பார்க்கும்.

கடைசியாக, வேலை செய்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று இருக்கவேண்டும். பூட்டு வளையம் போட்டாயிற்றா என்று இரண்டாவது ஜோடிக் கண் பார்க்கவேண்டும். அதற்குக் கையெழுத்து வேண்டும்.

நாமக்கல் லாரிக்காரர்கள் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பதுண்டு. யாரும் சட்டம் போட்டுச் சொன்னதல்ல. வழியில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தது. அத்தனைக்கும் லாரியை ஓரம் கட்டி நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

நம் நீர்நிலைகளில் மிதவை விமானம் இறங்குவது நல்ல காட்சியாகத்தான் இருக்கும். குழந்தைகள் கைதட்டுவார்கள், பயணிகள் படம் பிடிப்பார்கள். திட்டம் போடுகிறவர்கள் படகுத்துறைக்கும் டிக்கெட் கூடத்துக்கும் ஒதுக்கும் பணத்தில், நல்ல தண்ணீர்க் குழாய்க்கும், பட்டறைக்கும், பயிற்சி பெற்ற நாலு தொழிலாளிகளுக்கும் முதலில் ஒதுக்கட்டும். விமானம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்து சேரட்டும். இவை தயாராகும் வரையில் விமானத்துக்குத் தேதி குறிக்கவேண்டாம்.